இருபத்தைந்து உருப்படி

என் அண்ணனிடம் எத்தனை ஆடுகள் இருந்தன என்பதை ஓர் ஆய்வுப் படிவத்தில் நான் எழுதினேன். எழுதிய எண் தவறு என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். எண்ணைச் சொன்னவர் அவர். அதை அப்படியே எழுதியவன் நான். அதன் பிறகு அவருடைய மந்தை போனது, பிறகு அவரும் போனார். வருகிற பங்குனியோடு ஓராண்டு நிறைகிறது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேளாண் கல்லூரியில் ஆய்வு முறையியல் கற்பித்தவன் நான். ஓர் ஊருக்குச் சென்று மக்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது, கிடைத்த பதிலை எப்படிப் பதிவது, பதிந்ததை எப்படிச் சோதிப்பது என்பவையே என் பாடம். ஓய்வுபெற்ற பின் சங்கரன்கோவிலில் வீடு எடுத்துத் தங்கினேன். அண்ணன் பிறந்த ஊரைவிட்டு நகரவில்லை. பனவடலிசத்திரத்தில் பேருந்தைவிட்டு இறங்கிக் கிழக்கே மண்சாலையில் அரை மணி நேரம் நடந்தால் அந்த ஊர். அவருக்குச் செம்மறி மந்தை இருந்தது. கோடையில் கரிசல் காடுகளில் கிடை போடுவார். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒருவருடைய நிலத்தில் வளைத்து அடைத்துவைப்பதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அடுத்த மழைக்கு அந்த நிலத்துக் கம்பு தூரத்திலிருந்து பார்த்தாலே தனியாகத் தெரியும். நிலம் வைத்திருக்கும் சம்சாரிகள் மாசி பிறந்ததும் அண்ணனிடம் வந்து நாள் கேட்டுக்கொண்டு போவார்கள்.

எங்கள் பக்கம் காற்றாலைகள் வந்து வெகுகாலமாகிறது. காற்றாலை ஒரு காலை மட்டுமே ஊன்றி நிற்கிறது. ஆடுகள் அதைச் சுற்றி மேயும். உச்சிப்பொழுதில் அதன் ஒல்லியான நிழலில் ஒன்றன் பின் ஒன்றாகத் தலை கவிழ்த்து நிற்கும். நிழல் நகர்ந்தால் தாமும் நகரும். சூரிய மின்தகடு அப்படியல்ல. அது தரை முழுவதையும் கேட்கிறது.

ஊருக்கும் குளத்துக்கும் இடையில் கிடந்த பெருந்தரிசை அது கேட்டபோது எதிர்த்தவர்கள் குறைவு. காரணம், அது வெறும் மின்நிலையமாக வரவில்லை. ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்று, கென்யாவின் வறண்ட வடபகுதியில் ஆடு மாடு மேய்ப்பவர்களின் சங்கம் ஒன்று, எங்கள் வட்டார மானாவாரி விவசாயிகளின் கூட்டமைப்பு ஒன்று ஆகிய மூன்றும் கையெழுத்திட்ட கூட்டுத்திட்டமாக வந்தது. மின்சாரம் விற்று வருவதில் ஒரு பங்கு கம்புச் சாகுபடிக்குப் போகும். விளையும் கம்பு சுற்றுவட்டாரப் பள்ளிகளின் மதிய உணவுக்குப் போகும். அங்கே செய்த பிழையை இங்கேயும், இங்கே செய்த பிழையை அங்கேயும் மீண்டும் செய்யாதிருக்க இரு நாட்டு மேய்ப்பர்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் வந்து பார்ப்பார்கள். பசுமைக்கு மாறுவதன் சுமை எளியவர் தலையில் இறங்கக் கூடாது என்ற வாக்கியம் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தமிழாக்கியவன் நான். இன்று படித்தாலும் அதில் மாற்ற வேண்டிய சொல் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை.

சுமை யார் தலையில் இறங்கும் என்று முன்கூட்டியே அறிவதற்காக ஊர்தோறும் ஓர் ஆய்வு நடத்தத் தீர்மானித்தார்கள். முறையியல் ஆலோசகராக என்னை அழைத்தார்கள். படிவத்தை நான் உருவாக்கினேன். அதன் பதினான்காவது கேள்வி ஆடுகளின் எண்ணிக்கை. ஐம்பது ஆடுகளுக்குக் குறையாமல் வைத்திருக்கும் குடும்பம் ஒன்றாவது ஊரில் இருந்தால், மின்தகடுகளுக்கு நடுவே குளத்துக்குப் போகும் ஆட்டுப்பாதையை வேலியடைக்காமல் விட்டுவிட வேண்டும். திட்டம் தரும் தடுப்பூசியும் பதிவான எண்ணிக்கையின்படியே வரும். ஐம்பது என்ற அந்த வரம்பையும் நான்தான் பரிந்துரைத்தேன். அண்ணனை நினைத்தே பரிந்துரைத்தேன். எங்கள் ஊரில் அதைத் தாண்டியவர் அவர் ஒருவரே. அதுவும் மூன்று மடங்குக்குக் கூடுதலாகத் தாண்டியவர்.

எங்கள் வீட்டில் ஆடுகளை வாய்விட்டு எண்ணும் வழக்கம் இல்லை. மேய்ச்சல் முடிந்து பட்டிக்குள் நுழையும்போது அப்பா ஒவ்வொன்றின் முகத்தையும் பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் எது குறைந்தது என்று அவருக்குத் தெரியும்; எத்தனை குறைந்தது என்று சொல்ல மாட்டார். வெளியாள் யாராவது கேட்டால், ‘கெடக்கு, ஏதோ நாலு’ என்பதுதான் பதில். அதற்கு மேல் வற்புறுத்தினால் மந்தையில் ஒரு மூலையளவுக்கான எண்ணைச் சொல்லி அனுப்புவார்கள். உள்ளதைச் சொன்னால் உள்ளது நிற்காது என்பது நம்பிக்கை. பள்ளியில் நூறு வரை கற்றுக்கொண்ட வாரத்தில், நான் பட்டியின் ஓரம் நின்று சுட்டுவிரலை நீட்டி உரக்க எண்ணினேன். அப்பா அந்த விரலில்தான் அடித்தார். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் விரலைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டவர் அண்ணன்.

ஆய்வுக்கென இரண்டு களப்பணியாளர்களை நியமித்திருந்தோம். இருவரும் திருநெல்வேலியில் பட்டம் முடித்தவர்கள். ஓர் இளைஞர், ஒரு பெண். ஊரில் எல்லோரும் அவர்களுக்குப் பதில் சொன்னார்கள். அண்ணன் மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார். தம்பிதானே பெரிய வாத்தியார், அவனே வந்து கேட்கட்டும் என்றாராம். மறுநாள் காலை அவர்களோடு நான் போனேன். மந்தையை மதினி மேய்ச்சலுக்கு ஓட்டிப்போயிருந்தார். பட்டி காலியாக இருந்தது.

அண்ணன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். களப்பணியாளர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு என்னைக் காட்டிக் கதை சொல்லத் தொடங்கினார்.

“இவன் காலேஜுல பெரிய ஆளுங்கீய. எங்க கெடாய் ஒண்ணு முட்ட வந்துச்சுன்னு வேப்பமரத்துல ஏறுனவன், பொழுது சாஞ்ச பொறவுதான் எறங்குனான். எறங்கையில டவுசர் நனஞ்சிருந்துச்சு. மரத்துல ஏது தண்ணின்னு எங்கய்யா கேக்காரு.”

அந்தப் பெண் படிவத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இளைஞர் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். அவர்கள் இருவருக்கும் மூன்று நாள் பயிற்சி கொடுத்தவன் நான். என் வயது அப்போது அறுபத்தாறு.

நான் பேனாவைத் திறந்தேன். முதல் பதின்மூன்று கேள்விகளுக்கும் அவர் விளையாட்டாகவே பதில் சொன்னார். பதினான்காவதைப் படிவத்தில் இருந்தபடியே வாசித்தேன். அவர் களப்பணியாளர்களை ஒருமுறை பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார்.

“கெடக்கு, ஏதோ நாலு.”

“எண்ணாச் சொல்லணும் அண்ணே.”

“என்னலே புதுசா கேக்க?” என்றார். நான் பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தேன். “சரி, ஒரு இருவத்தஞ்சு உருப்படின்னு வச்சுக்கோ.”

அந்நியர் முன்னால் அந்நியருக்கான எண்ணை அவர் சொன்னார். எழுதுகிறவன் வீட்டுப்பிள்ளை, உள்ளதை எழுதிக்கொள்வான் என்பதால்தான் துணிந்து சொன்னார். தம்பி வந்து கேட்கட்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததன் காரணம் அதுதான் என்பது அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. எதிரே பட்டியின் தரையில் ஒரு முழ உயரத்துக்குப் புழுக்கை மக்கிக் கிடந்தது. இருபத்தைந்து ஆடுகள் ஒரு தலைமுறை முழுவதும் கிடந்தாலும் அப்படி ஒரு தரை உருவாகாது.

நான் இருபத்தைந்து என்று எழுதினேன். எண்ணால் ஒருமுறை, எழுத்தால் ஒருமுறை. பதிலாளர் சொன்னதே பதில் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்னவன், தன் அண்ணனுக்காக அதை வளைக்கலாகாது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அந்த விளக்கம் பொய்யல்ல. ஆனால் அந்தப் பெண்ணின் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. அந்த எண்ணை எழுதும்போது எனக்குச் சிறிது இனித்தது. இதையும் பதிவு செய்யாவிட்டால் இந்தக் குறிப்புக்குப் பொருளில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கென்யச் சங்கத்தின் சார்பில் ஒருவர் வந்தார். கால்நடை மருத்துவர், ஒட்டகமும் ஆடும் மேய்க்கும் குடும்பத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர். அந்த வகையில் அவரும் நானும் ஒன்று. ஊருக்குள் அவர் நடந்த விதத்தை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். கூட்டம் நடந்த சமுதாயக்கூடத்தில் அவர் அதிக நேரம் இருக்கவில்லை. காலியாகக் கிடந்த பட்டிகளில் போய் நின்றார். அண்ணனுடைய பட்டியில் குனிந்து ஒரு பிடி புழுக்கையை எடுத்து உதிர்த்துப் பார்த்து, கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

பனவடலிசத்திரத்துத் தேநீர்க்கடையில் இருவரும் உட்கார்ந்தோம். அவர் என் அட்டவணையை விரித்து, பதினான்காம் பத்தியில் விரல் வைத்தார். ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

“இது உள்ள எண்ணா, சொல்கிற எண்ணா?”

கென்யாவில் எங்கள் பக்கம் ஒரு கிழவர் பத்து ஆடு என்றால், மந்தை மேயும் மலைச்சரிவைத்தான் நாங்கள் பார்ப்போம் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கும் இடம் விட்டிருந்தார். மூன்று கண்டங்கள் சேர்ந்து செய்த அந்த ஏற்பாட்டில் உண்மையிலேயே பயன்பட்டிருக்கக்கூடிய ஒரு நிமிடம் உண்டென்றால் அது அந்தப் பெஞ்சில்தான் இருந்தது. கடல் தாண்டி வந்த ஒரு மனிதர், எங்கள் வீட்டு வழக்கத்தை எங்களைப்போலவே அறிந்திருந்தார்.

“பதிலாளர் சொன்னது அதுதான்” என்றேன்.

அவர் தேநீரை முடித்தார். பிறகு, அந்த மனிதர் எனக்கு உறவா என்று கேட்டார். உறவினரை நானே நேர்கண்டதை எந்தத் தாளிலும் நான் தெரிவித்திருக்கவில்லை. தெரிவிப்பது விதி, அந்த விதியையும் நானே எழுதியிருந்தேன்.

“ஊர்க்காரர்” என்றேன்.

அவர் விருந்தாளி. அதற்கு மேல் கேட்கவில்லை.

தை மாதம் வேலி வந்தது. ஆட்டுப்பாதை வரைபடத்தில் இல்லாததால் தரையிலும் இல்லை. குளத்துக்குப் போக வேண்டுமானால் தார்ச்சாலை வழியாக மேற்கே சுற்றி, திரும்பக் கிழக்கே வர வேண்டும். வெயில் ஏறிய பிறகு குட்டிகள் அவ்வளவு தூரம் நடக்கவில்லை. பழைய பாதை இருந்த இடம் ஆடுகளுக்கு மறக்கவில்லை. மாலையில் திரும்பும்போது முன்னால் போகும் ஆடு அந்த இடத்தில் கம்பியில் மூக்கை வைத்து நிற்கும். பின்னால் வருபவை அதன் மீது முட்டிக்கொண்டு நிற்கும். அண்ணன் ஒவ்வொரு நாளும் அவற்றைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. அது பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் எழுதிய சரியான எண்ணை ஆபீசில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அவர் நம்பியதாகப் பின்னால் மதினி சொன்னார். ஊரில் ஒருவர் என்னைப் பற்றிக் குறைவாகப் பேசியபோது அவரிடம் சண்டைக்குப் போயிருக்கிறார்.

ஐம்பதுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு மாற்று வாழ்வாதாரம் என்ற பிரிவில் தையல் இயந்திரம் வந்தது. அறக்கட்டளையிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து மதினியிடம் அதை ஒப்படைத்தார்கள். மதினி அதைச் சுற்றி வந்து பார்த்தார். சக்கரத்தை ஒருமுறை சுழற்றினார்.

“தம்பி, இது எந்த மாசம் குட்டி போடும்னு கேளுங்க.”

நான் மொழிபெயர்த்தேன். இந்த முறை ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தேன். எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள், மதினியும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் படம் எடுத்தார்கள். அந்த ஆண்டறிக்கையின் அட்டையில் அதுதான் இருக்கிறது. மதினியின் கை இயந்திரத்தின் மீது இருக்கிறது; பின்னால் பாதி உடம்பு வெட்டுப்பட்டு அண்ணன் நிற்கிறார்.

புரட்டாசியில் தடுப்பூசி முகாம் நடந்தது. ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி. வழக்கமாக அரசுக் கால்நடை மருந்தகம் நடத்தும் முகாமை அந்த ஆண்டு எங்கள் வட்டாரத்தில் திட்டமே பொறுப்பேற்று நடத்தியது. களப்பணியாளர்கள் இருவரோடு பார்வையாளனாக நானும் போயிருந்தேன். ஊசி போட வந்த உதவியாளர் ஐஸ் பெட்டியைத் திறந்து, பட்டியலைப் பார்த்து, அண்ணனின் பெயருக்கு எதிரே ஒரு குப்பியை எடுத்து வைத்தார். ஒரு குப்பி இருபத்தைந்து ஆடுகளுக்குப் போதும்.

“இது ஒண்ணுதானா?” என்றார் அண்ணன்.

பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது என்றார் உதவியாளர்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். பின்னால் பட்டி நிறைய ஆடுகள் நெருக்கிக்கொண்டு கத்தின. அந்தச் சத்தத்தில் அவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது, உயர்த்தவில்லை. நான் உதடுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“ஏலே, நான் சொன்னதையா எழுதுன?”

“நீங்க சொன்னதைத்தான் அண்ணே எழுதணும். அதான் முறை.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். புது ஆடு ஒன்று மந்தையோடு கலந்து வந்துவிட்டால் அதன் முகத்தைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

உதவியாளர் நல்ல மனிதர். பின்னால் கிடந்த மந்தையைப் பார்த்துவிட்டு, சரியான எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் கூடுதல் குப்பிகளுக்கு அன்றைக்கே எழுதிப்போடுவதாகச் சொன்னார். அண்ணன் வாயைத் திறந்தார். சுற்றிலும் ஊர் ஆட்கள் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டார். அவருக்குப் பதிலாக அந்த எண்ணைச் சொல்லியிருக்கக்கூடியவன் நான். விரல் நீட்டாமல் மனத்துக்குள் எண்ணும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அந்தப் பொங்கலுக்கு எத்தனை, அதற்கு முந்தைய பொங்கலுக்கு எத்தனை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால், களப்பணியாளர்கள் இருவர் முன்னால் என் படிவம் பொய்யாகும். அவர் வழக்கத்துக்காக வாய் மூடினார். நான் படிவத்துக்காக மூடினேன்.

கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அண்ணன் பட்டிக்குள் இறங்கினார். சினையாடுகளை முதலில் பிடித்தார். பிறகு இரண்டு கிடாய்கள். பிறகு மணி கட்டிய முன்னாடு. ஊசி போட்டதன் அடையாளமாக உதவியாளர் ஒவ்வொன்றின் நெற்றியிலும் நீலச் சாயம் தடவினார். இருபத்து நான்கு ஆனபோது அண்ணனின் இரண்டு கைகளிலும் இரண்டு ஆடுகள் இருந்தன. வலக்கையில் இருந்தது, தாய் செத்துப்போய் மதினி பாட்டிலில் பால் ஊட்டி வளர்த்த பெட்டைக்குட்டி. அது அவரைவிட்டு ஓட முயலவில்லை. இடக்கையில் இருந்தது மூன்றாம் ஈற்று ஆடு. நிறையப் பால் உள்ளது. வலக்கையை விட்டுவிட்டார். மதினி வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஐப்பசி மழையோடு நோய் வந்தது. மூக்கில் சளி, வாயெல்லாம் புண், பிறகு கழிச்சல். கால்நடை மருத்துவரை நான் அழைத்தேன். நோய் வந்த பின் போடுகிற ஊசியால் பயனில்லை என்றார். அண்ணன் சங்கரன்கோவில் வந்து கோயில் புற்றுமண் வாங்கிப் போனார். என் வீட்டைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், வரவில்லை. அதை நல்லெண்ணெயில் குழைத்து ஒவ்வொன்றின் வாயிலும் தடவியிருக்கிறார். நாளுக்கு எட்டு, பத்து என்று விழுந்தன. புதைக்கக் குழி வெட்ட முடியாமல் திணறியபோது, வேலிக்குள் நின்ற ஜேசிபியை ஒரு காலை நேரம் கொடுத்து உதவினார்கள். அந்த உதவி மாத அறிக்கையில் சமூகப் பங்களிப்பு என்ற தலைப்பின் கீழ் இடம்பெற்றது.

நெற்றியில் நீலம் இருந்த இருபத்தைந்தும் பிழைத்தன. நீலம் இல்லாதவற்றில் ஒன்பது பிழைத்தன. பாட்டில் பால் குடித்த குட்டி அந்த ஒன்பதில் இல்லை.

அடுத்த தை மாதம் திட்டத்தின் இறுதி ஆய்வு. அதே படிவம், அதே களப்பணியாளர்கள். தம்பி வந்தால்தான் பதில் என்று அண்ணன் மீண்டும் சொல்லி அனுப்பினார். போனேன். அன்றைக்கு மந்தையை மேய்ச்சலுக்கு விடவில்லை. பட்டியில் நிறுத்தியிருந்தார். அவ்வளவு பெரிய பட்டியில் அவை ஒரு மூலையில் நின்றன. அண்ணன் மெலிந்திருந்தார். களப்பணியாளர்களுக்கு மோர் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். கதை எதுவும் சொல்லவில்லை.

பதினான்காவது கேள்வியை வாசித்தேன்.

“வா” என்று பட்டிக்கு அழைத்துப் போனார். “எண்ணு.”

நான் பார்வையை ஓட்டினேன்.

“அப்படி இல்லலே. கைய நீட்டி எண்ணு. வாய்விட்டு எண்ணு.”

களப்பணியாளர்கள் பின்னால் நின்றார்கள். நான் சுட்டுவிரலை நீட்டினேன். ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினேன். ஆடுகள் நகர்ந்து கலந்துவிட்டதால் பாதியில் தவறிவிட்டது. முதலிலிருந்து எண்ணச் சொன்னார். எண்ணினேன். எல்லாவற்றின் நெற்றியிலும் மங்கிய நீலம் இருந்தது. இருபத்தைந்து.

“சரியா இருக்கா?” என்றார். “மிச்சம் ஒம்பது நின்னுச்சு. போன வாரம் வித்துட்டேன். நீ எழுதுனது பொய்யாகப்படாதுல்லா.”

பிறகு பட்டியின் படலை இழுத்துச் சாத்தினார். அதுவே அவர் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம். பங்குனியில் ஒரு நண்பகலில், காற்றாலையின் நிழலில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். ஆடுகள் சுற்றி நின்றன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார். எழுதியதை நான் சரிபார்க்கவில்லை.

வைகாசியில் மூன்று கண்டங்களும் திரை வழியாகக் கூடின. ஊர்வாரியான ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டினார்கள். எங்கள் ஊரில் செம்மறி மந்தை வைத்திருப்போர் பகுதியில் ஒரே ஒரு வரி. தொடக்கம்: இருபத்தைந்து. முடிவு: இருபத்தைந்து. மாற்றம் இல்லை. அண்டை ஊர்களில் அந்த ஆண்டு நோயால் மந்தைகள் குறைந்திருக்க, இங்கு மட்டும் ஓர் ஆடுகூடக் குறையாதது குறிப்பிடத்தக்கது என்று அறக்கட்டளையின் அம்மையார் பாராட்டினார். தடுப்பூசியின் பலனுக்கு அதைச் சான்றாகக் காட்டலாம் என்றும் சொன்னார்.

கென்ய மருத்துவர் கையை உயர்த்தினார். அட்டவணையைப் பற்றிக் கேட்கவில்லை.

“உங்கள் ஊர்க்காரர் எப்படி இருக்கிறார்?” என்று என்னைக் கேட்டார்.

“அவர் என் அண்ணன். இறந்துவிட்டார்” என்றேன்.

திரையில் அவர் உயர்த்திய கையை இறக்கினார். அம்மையார் இரங்கல் சொன்னார். ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். அடுத்த பொருள் கம்பு. கிடை போடாத நிலங்களில் கதிர் சிறுத்துவிட்டதால் பள்ளிகளுக்குக் கொடுக்க வேண்டிய அளவு வரவில்லை; இயற்கை உரத்தை எந்த மாவட்டத்திலிருந்து லாரியில் வரவழைப்பது என்று ஆலோசித்தார்கள்.

அந்த வாரமே திருத்தக் கடிதம் எழுதினேன். முதல் ஆய்வில் பதிவான எண் உண்மையல்ல, அது எனக்கு அப்போதே தெரியும், பதிலாளர் என் உடன்பிறந்தவர் என்ற மூன்றையும் ஒப்புக்கொண்டேன். உண்மையான எண் என்ன என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பல மடங்கு கூடுதல் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பதில் விரைவாக வந்தது. நேர்மைக்கு நன்றி, ஆனால் எண் குறிப்பிடப்படாத திருத்தத்தை ஏற்க இயலாது, பதிலாளர் உயிருடன் இல்லாததால் மறுசரிபார்ப்புக்கும் வழியில்லை. இரண்டு விதிகளும் நான் எழுதியவை. அந்த எண்ணை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஆண்டுத் திவசத்துக்கு யார் யாரை அழைப்பது என்று பேச வேண்டியிருந்தது. மதினி வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். தையல் இயந்திரத்தின் மீது தட்டிகளும் பால் பாட்டிலும் கிடந்தன. பேசி முடித்து எழுந்தபோது பட்டியிலிருந்து இளங்குட்டிகளின் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டின் குரல் அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னைத் தம்பி என்றே அழைத்து, எந்த ஆடு எத்தனை குட்டி ஈன்றது என்பதை நான் கேட்காமலே சொல்லுகிறவர் அவர்.

“எத்தன குட்டி மதினி?” என்று கேட்டேன்.

அவர் சுளகைத் தட்டினார். உமி பறந்தது.

“கெடக்கு கொழுந்தனாரே” என்றார். “ஏதோ நாலு.”